மாப்பிள்ளைக்கு எந்த எஞ்சின்?

786
சாய்ந்தமருது,
ஜனவரி 1982.

அன்பும் மதிப்பும் மிக்க மீராமுகைதீன் மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் அருளால் நானும் தங்கள் தங்கை றஹீமாவும் மகள் நஸீறாவும் நலம். சவூதி வெயிலில் தங்கள் உடம்பு வாடாதிருக்கத் துஆச் செய்கிறோம்.

நஸீறாவின் கலியாணத்துக்கு, மாப்பிள்ளை காலிதீன் மாஸ்டருக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது தங்கள் பொறுப்பென்றும், எந்த எஞ்சின் நல்லதென்று பார்த்து எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். மச்சான், நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தல்லவா குடியிருப்பார்? கூடவே அந்த எஞ்சினும் வந்து என் முற்றத்தில் குடியேறும். மருமகன் குரலைவிட அதன் குரலைத்தான் நான் அதிகம் கேட்கப் போகிறேன். ஆகவே காரைதீவில் கராஜ் வைத்திருக்கும் தங்கராசாவிடம் ஒவ்வொன்றாக இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.

முதலாவது டூ ஸ்ட்ரோக். சரியான இளந்தாரிக் குணம், மீசை முளைக்கிற வயசு. ஒன்றுமறியாததுபோல் போகும், திடீரென்று என்ன நினைக்குமோ, கீச்சென்று கத்திக்கொண்டு பாயும். பின்னால் ஒரே நீலப் புகை. முறுக்கிய கையை விட்டால் மற்ற எஞ்சின்கள் தாமே வேகத்தை இழுத்துப் பிடிக்குமாம், இது பிடிக்கவில்லை. கல்முனைச் சந்தையில் சூடை மீன் கூடைக்குள்தான் போய் நின்றேன். மீன்காரர், “காக்கா, மீன் வாங்கிறெண்டா இறங்கி வந்து வாங்கலாந்தானே?” என்றார். அடுத்தது இரட்டைச் சிலிண்டர். அதற்குக் கோபமுமில்லை, சந்தோஷமுமில்லை. பஸ் டிப்போவுக்கு முன்னால் எஞ்சின் நின்றுவிட்டதென்று நினைத்து உதை உதையென்று உதைத்தேன். அது நறநறவென்று பல்லைக் கடித்த பிறகுதான், ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாவது, ஒற்றைச் சிலிண்டர் போர் ஸ்ட்ரோக். அன்று மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்திருந்தார்கள். துஆ ஓதுவதற்குப் பள்ளிவாசல் இப்றாஹிம் லெப்பையைக் கூட்டிவர நான் அதில்தான் போனேன். லெப்பை பின்னால் ஏறினார். டுப்... டுப்... டுப்... ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, அவசரமேயில்லாமல், கைப்பிடி வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. லெப்பை அந்த அடிக்கு ஒத்தாற்போல் மெல்ல ஸலவாத்து ஓதத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது, போனது. காரைதீவும் போனது. வயலில் பால்பிடித்த கதிரெல்லாம் காற்றில் சாய்ந்து எழும்பியது, கொக்குகள் பயந்து பறக்கவில்லை, வெயிலும் சுடவில்லை. எனக்குக் கலியாணமும் ஞாபகமில்லை, என் பெயரும் ஞாபகமில்லை. அவ்வளவு சுகம் மச்சான், கண்ணீரே வந்துவிட்டது.

“கச்சிமுகம்மது, இது எந்த ஊர்?” என்றார் லெப்பை.

“திருக்கோவில் போல இரிக்கி, லெப்பை.”

“அப்ப இன்னும் கொஞ்சம் போவமா?”

அத்தனை தூரம் போய்த் திரும்பி வந்தபோது சோறு ஆறி, வந்தவர்களும் போய்விட்டார்கள். “பொண்ணுட வாப்பாக்கே எங்களப் பாக்க நேரமில்ல” என்று சொல்லிவிட்டு எழும்பினாராம் மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறா. “நீங்களும் உங்கட எஞ்சினும்! என்ட புள்ளட கலியாணத்தத் திருக்கோவில்ல விட்டுட்டு வந்திரிக்கீங்க!” என்றாள் றஹீமா. நஸீறா அழுத கண்ணோடு இருக்கிறாள், என்னோடு கதைப்பதில்லை. இனிப் போர் ஸ்ட்ரோக் பேச்சை எடுக்க மாட்டேன். இளந்தாரிக்கு இளந்தாரி எஞ்சினே பொருத்தம். டூ ஸ்ட்ரோக் வாங்குங்கள். அதைச் சொல்லியாவது சமாதானம் கேட்கிறேன். நாளை மாப்பிள்ளை வீட்டுக்கு லெப்பையோடு நடந்தே போகப் போகிறேன்.

தங்கள் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும் மச்சான்,
கச்சிமுகம்மது

பி.கு.: உறையை ஒட்டுமுன் போய் வந்துவிட்டோம். லெப்பை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஹாஜறா சிரித்துவிட்டார். “திருக்கோவில் வரைக்கும் கொக்குப் பறக்காம ஓட்டின மனிசனா? அப்ப என்ட மகன உங்கட வீட்டுக்கு நம்பி அனுப்பலாம். அவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினா தலை சுத்தும். நீங்களே பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போங்க” என்றார். நாள் குறித்தாயிற்று. எனவே டூ ஸ்ட்ரோக் வேண்டாம், மற்றதையே, அந்த டுப்டுப்பையே வாங்குங்கள். மருமகன் படிப்பிப்பது கல்முனையில். அவரை அங்கே இறக்கிவிட எனக்கு ஞாபகம் வர வேண்டுமென்று மட்டும் துஆச் செய்யுங்கள்.