சூரியன் மறையாத ஊருக்கு ஒரு ஆட்சேபணை

கெனெயில்வேயும் மோலெஃபியும் மணவிலக்குப் பெற்று நாலு வருடமாகிறது. இந்த நாலு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், பன்னிரண்டு வயது மகள் போனோலோ பள்ளிப் பாட்டுக் குழுவோடு நார்வே போகலாம் என்பதுதான்.

மணவிலக்குத் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. குழந்தை கடல் கடந்து செல்ல நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே கெனெயில்வே, மோலெஃபியிடம் சம்மதக் கடிதம் வாங்கி, போலீஸ் நிலையத்தில் முத்திரையும் குத்தி, ஆளையும் கையோடு இழுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட் ஜன்னல் முன் போய் நின்றாள். குமாஸ்தா மொதிபி, தின்றுகொண்டிருந்த மக்வின்யாப் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"எதிர்த்தரப்பு எங்கம்மா?"

"இதோ நிக்கிறாரே, சார்."

"இவர் சம்மதம்னு எழுதிக் குடுத்திருக்காரே."

"நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. ஃபைலுக்கு? மனுன்னா ஒரு தகராறு இருக்கணும். தகராறு இல்லாத மனுவை நான் எந்த அலமாரியில வைக்க?"

கோர்ட் உத்தரவு இல்லாமல் விமானம் ஏற முடியாது. தகராறு இல்லாமல் உத்தரவு கிடையாது. விமானத்துக்கோ ஒன்பதே நாள். மொதிபி இரக்கமுள்ள மனிதர், வழி சொன்னார். மோலெஃபி பேருக்கு ஒரு ஆட்சேபணை எழுதித் தர வேண்டியது. மாஜிஸ்திரேட் அம்மா அதை இரண்டு நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்.

மோலெஃபி என்ன எழுதுவதென்று விழித்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எதிர்த்துத்தானே பேசின? இப்ப வரலியாக்கும்," என்றாள் கெனெயில்வே. பிறகு அவளே சொல்லச் சொல்ல அவன் எழுதினான். குழு போகும் ஊரில் ஜூன் மாதம் சூரியன் மறைவதே இல்லை. அப்படியிருக்கக் குழந்தை எப்போது தூங்கும்? இதைவிட மட்டமான காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

விசாரணை நாளில் மாஜிஸ்திரேட் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இங்க வர்ற அப்பாக்களெல்லாம் அம்மா மேல இருக்கிற கோபத்துல எதிர்ப்பாங்க. பிள்ளையோட தூக்கத்தை நினைச்சு எதிர்த்த மனுஷனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

மோலெஃபியை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. முதலாளி இல்லை, மாமியார் நிச்சயமாக இல்லை. கெனெயில்வே மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டான்.

"அம்மா, ஒரு தகப்பன்கிற முறையில என் மனசாட்சி இடம் குடுக்கலைங்க."

குழந்தையின் தூக்கத்தை முன்னிட்டுப் பயண அனுமதி மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

வெளியே பெஞ்சில் குழுவின் புதுச் சீருடையோடு போனோலோ காத்திருந்தாள். மோலெஃபி அவளைக் கட்டிக்கொண்டு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று தழுதழுத்தான். வராந்தாவில் இருந்தவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். பிள்ளைமேல் அக்கறையில்லாத ஆள் என்று நாலு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கெனெயில்வேக்கு வயிறு எரிந்தது.

விஷயம் புரிந்ததும் போனோலோ அவன் கையை விலக்கினாள்.

"இத்தனை நாள் மாதிரியே அக்கறை இல்லாம இருந்திருக்கலாம்ப்பா நீங்க."