மூன்று லீவரும் ஒரு ஜோடிச் சப்பாத்தும்

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் ஒரு கணினி விளையாட்டில் கற்றுக்கொண்டதுதான். இன்று இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

விளையாட்டு இதுதான். மலையைக் குடைந்து கோட்டை கட்ட வேண்டும். உள்ளே குள்ளர்கள் வாழ்வார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டலாம், மதகு வைக்கலாம், மதகைத் திறக்க லீவர் வைக்கலாம், எதிரி வரும் வழியில் பொறி வைக்கலாம். பொறிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நம் ஆட்கள் அவற்றின் மேல் நடந்தால் ஒன்றும் ஆகாது, வெளியாள்தான் மாட்டுவான். தண்ணீருக்கும் ஒரு விசித்திர குணம் உண்டு. உயரத்திலிருந்து வரும் தண்ணீர் முரட்டு வேகத்தில் பாயும். ஆனால் ஒரே ஒரு கட்டம் மூலைவிட்டமாகத் திருப்பிவிட்டால் போதும், அழுத்தமெல்லாம் போய்ச் சாதுவாகிவிடும். லீவர்கள் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது எந்த மதகுக்கு என்று குறித்து வைப்பது விவரமானவர்கள் வழக்கம். நான் குறித்து வைத்ததில்லை. (எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று யாரோ பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.) அதனால் என் கோட்டைகள் பெரும்பாலும் எதிரி வருவதற்கு முன்பே மூழ்கிவிடும். இருந்தாலும் நான் நிபுணர் என்ற எண்ணம் எனக்குக் குறையவே இல்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. பங்சாரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த சுரேனும் நானும் இரண்டு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். அவன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன். அவன் அப்பா தண்ணீர் விநியோகத்தில் முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கிள்ளான் ஊர்க்காரர்கள். எனக்கு அப்பா இல்லை. காப்பாரிலிருந்து லோரி ஓட்டும் சித்தப்பாதான் எங்களுக்குப் பெரியவர். சுரேனின் அப்பாவுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்படியொன்றும் உயர்ந்த அபிப்பிராயம் இல்லை.

"ஒரு தடவை வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்காரு. அவர் வேணாம்னா வேணாம்தான்" என்றான் சுரேன். (இந்த வீரனைக் கட்டிக்கொள்ளத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன்.)

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை தொடங்கி மூன்று நாளைக்குத் தண்ணீர் இல்லை.

"தள்ளிப் போட்டுருவோம்லா. வாளியில மொண்டு மொண்டா சம்பந்தி வீட்டுக்காரங்கள கவனிக்க முடியும்?" என்றார் அம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா. தண்ணிய நான் பார்த்துக்குறேன்."

இந்த வாக்கியத்தை என் கோட்டைகளிலும் நான் பலமுறை மனதுக்குள் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே மாடி வராந்தாவில் இரண்டு நீல டிரம் வைத்து நிரப்பினேன். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் பின்சுவர் வழியாகக் கீழே இறங்கியது. கீழே அது மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு வால்வு. அவைதான் என் லீவர்கள். ஒன்று சமையலறைக்கு. ஒன்று கழிவறை ஜன்னல் வழியாக உள்ளே போய் ஒரு வாளியில் முடிந்தது. இன்னொன்று வீட்டைச் சுற்றிப் போய் முன்பக்கப் போர்ச்சைக் கழுவுவதற்கு. தண்ணீர் திரும்ப வந்ததும் டிரம்கள் தாமாகவே நிரம்பட்டும் என்று வீதிக் குழாயையும் இதே அமைப்போடு இணைத்து, அதன் திருகைத் திறந்தே வைத்தேன். அழுத்தத்தை அடக்கச் சுவர் நெடுகக் குழாயை மூலைவிட்டமாகவே ஓட்டினேன். கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து அம்மா, "விழாம இருந்தா சரி" என்றார்.

விளையாட்டில் லீவரை நாம் இழுக்க முடியாது. கட்டளை மட்டும் போடலாம். சும்மா இருக்கும் குள்ளன் எவனாவது போய் இழுப்பான். பட்டுச் சேலையோடு நானும் பின்பக்கம் ஓட முடியாது என்பதால் அந்தப் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

"நான் கண்ணைக் காட்டினதும் நடுவுல இருக்கறதைத் தொறங்க சித்தப்பா."

"இதுல என்னாமா இருக்கு? லோரியில எத்தனை கியர் போடறேன். மூணு பைப்பு எனக்கு ஒரு வேலையா?"

காலையில் போர்ச்சை நானே கழுவினேன். குழாயின் முனையை, வாசலில் காலணிகள் வைக்கும் சப்பாத்து அடுக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். விருந்தாளிகளுக்கு இடம் வேண்டும் என்று எங்கள் செருப்புகளை எல்லாம் பின்வாசலுக்கு மாற்றினேன்.

பதினோரு மணிக்குச் சுரேனும் அவன் அப்பா அம்மாவும், எனக்கு அங்கிளும் ஆன்டியும், வந்தார்கள். அங்கிள் தன் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து வைத்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆன்டி சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. உட்கார்ந்ததும் தண்ணீர்த் தடைக்கு என்ன செய்தோம் என்று கேட்டார். ஒருவேளை அது வெறும் பேச்சுக்குக் கேட்ட கேள்வியாக இருக்கலாம். நான் பத்து நிமிடம் விளக்கினேன்.

"மாடியிலேருந்து வந்தா பிரஷர் இருக்குமே, பிள்ளை?"

"அதெல்லாம் வராது அங்கிள். மூலைவிட்டமா திருப்பினா பிரஷர் போயிடும்."

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். "இது எங்கை படிச்சனீர்?"

"ஒரு கேம்ல அங்கிள்."

சுரேன் கூரை விசிறியைப் பார்க்கத் தொடங்கினான்.

"முப்பத்தைஞ்சு வருஷம்" என்றார் அங்கிள். "எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை." பிறகு கழிவறை எங்கே என்று கேட்டு எழுந்து போனார்.

நான் சித்தப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். விளையாட்டில் கட்டளை போட்டதும் குள்ளன் உடனே கிளம்ப மாட்டான். முதலில் சாப்பிடுவான், பிறகு குடிப்பான், அலுப்பாக இருந்தால் ஒரு தூக்கமும் போடுவான். சித்தப்பா கையிலிருந்த வடையை முடித்தார். தேநீரை ஆற்றிக் குடித்தார். அப்போது பார்த்துக் கைப்பேசி அடித்தது. யாரோ ஒரு நண்பரிடம் டயர் பற்றிப் பேசினார்.

"பிள்ளை, தண்ணி வரேல்லை" என்று உள்ளிருந்து குரல்.

"கண்ல ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று, நான் விடாமல் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சுரேன் என்னைக் கேட்டான்.

கடைசியில் சித்தப்பா எழுந்து போய் நடு வால்வைத் திறந்தார். சொன்னதைச் சொன்னபடியே செய்தார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கழிவறை வால்வு நடுவில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வலது!" என்று கத்தினேன். அதுவும் இல்லை. "இடது!" என்றேன். முதலில் திறந்தவற்றை மூடச் சொல்லி நான் சொல்லவில்லை, அதனால் அவர் மூடவில்லை.

அந்த நேரத்தில் சுவருக்குள் ஒரு இருமல் கேட்டது. கிள்ளானில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தண்ணீர் திரும்ப வருகிறது. அறிவித்த நேரத்துக்கு ஒன்றரை நாள் முன்பே வந்தது, என் வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான்.

மூலைவிட்டத்தைத் தண்ணீர் சட்டை செய்யவே இல்லை. கழிவறைக் குழாய் வாளியை விட்டுத் துள்ளி எழுந்திருக்க வேண்டும். உள்ளே அங்கிள் முழு அதிகாரத்தோடு, "ஸ்டாப் இட்! ஆரது? ஸ்டாப் இட்!" என்று தண்ணீருக்கு உத்தரவு போடுவது கேட்டது. சமையலறை மட்டும் தப்பியது. அம்மா என் மேல் நம்பிக்கை இல்லாமல் அந்தக் குழாயை அன்று காலையிலேயே கழற்றிக் கொல்லையில் வீசியிருந்தார்.

அங்கிள் வெளியே வந்தார். தடைக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். அவருடைய வெள்ளைச் சட்டை பால் கலக்காத தே ஓ நிறத்தில் இருந்தது. நேரே பின்பக்கம் போய், ஒரே பார்வையில் வீதிக் குழாயின் திருகைக் கண்டுபிடித்து மூடினார். பிறகு முன்பக்கம் வந்தார்.

போர்ச் பளிச்சென்று இருந்தது. ஆன்டியின் செருப்பு படியோரம் சிக்கியிருந்தது. அங்கிளின் சப்பாத்துகளைக் காணோம். வாசலுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையில், எங்கள் லோங்காங்கில், தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஆட்களின் ஒரு செருப்புகூட நனையவில்லை.

சித்தப்பா ரம்புத்தான் பறிக்கும் கழியோடு லோங்காங் ஓரமாக ஓடினார். நாலு வீடு தள்ளி இடது கால் சப்பாத்து கிடைத்தது. வலது காலை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

"வெளிக்கிடுவம்" என்று கிளம்பத் திரும்பினார் அங்கிள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சப்பாத்துக்காக இல்லை. அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று சொன்னவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், அவன் இனி எனக்குக் கிடைக்கவே மாட்டான் என்று நினைத்தேன். பட்டுச் சேலை முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஆன்டி சிரிக்கிறார் என்று கவனித்தேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது.

"முப்பத்தைஞ்சு வருஷம் இந்த மனுசன் சாப்பாட்டு மேசையிலை வாட்டர் பிரஷரைப் பத்தியே கதைச்சுக் கதைச்சு என்ரை உயிரை எடுத்தது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இண்டைக்குத்தான் விளங்கினது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "தையிலை நல்ல நாள் இருக்கோ பாருங்கோ, அக்கா. இப்ப சாப்பிடுவம். இவர் சாரம் கட்டிக்கொண்டு இருக்கட்டும்."

அங்கிள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆன்டி திரும்பிப் பார்த்தார். அவர் மூடிக்கொண்டார். சித்தப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு இரண்டு தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகும்போது காலில் சித்தப்பாவின் சிலிப்பர்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஆனால் அன்று முதல் சுரேன் வீட்டார் யார் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். மாமனார் தன்னுடையதைத் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கும் அலமாரியில், சாமி படத்துக்கு ஒரு தட்டு கீழே வைப்பார். அவர் தம்பி குடும்பமும் அப்படியே. போன தீபாவளிக்கு அந்த அலமாரியில் ஒன்பது ஜோடி இருந்தன. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா பலகாரத் தட்டோடு வந்தவர், அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்து, பயபக்தியோடு பத்தாவதாக வைத்துவிட்டுக் கும்பிட்டார்.