பேக்கரி அல்ல என்பதற்கான சான்றிதழ்

வெளிநாடு சென்று மூலக்கூறு உயிரியல் படித்துத் திரும்புகிறவர்கள் நாட்டின் செல்வம் என்பதில் அரசுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்தச் செல்வத்தை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். குழப்பத்தைத் தீர்க்கவே 'தாயகம் திரும்பிய அறிஞர் நலப் பிரிவு' என்று ஒன்றை ஆரம்பித்து, மூன்றாவது மாடியில் இரண்டு அறை ஒதுக்கி, வாசலில் ஒரு குடிநீர்க் குழாயும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வராது. அது வேறு பிரிவு.

நம்ம டாக்டர் அந்த மாடிப்படி ஏறியது ஒரு திங்கட்கிழமை காலையில். டாக்டர் என்பது அவள் குடியிருந்த கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். எட்டு வருஷம் வெளிநாட்டில் ஆராய்ச்சி பண்ணி முனைவர் பட்டத்தோடு வந்து இறங்கியவளிடம், எதிர்வீட்டுக்காரர் முதல் வேலையாக மூட்டு வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டார்.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்றாள்.

"அப்ப எந்த டாக்டர்?"

அவள் செல், மரபணு, புரதம் என்று கால் மணி நேரம் விளக்கினாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா. இடது மூட்டுதான் ஜாஸ்தியா வலிக்குது" என்றார்.

தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அண்ணி, பதினேழு வயசில் ஒரு மகள், ஒன்றரைப் படுக்கையறை. அந்த அரைதான் டாக்டருக்கு.

அவள் வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு மெஷின். பல்கலைக்கழகத்தில் மரபணுக்களின் வரிசையைப் படிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி வைத்து நாலு வருஷமாகிறது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. இயக்கத் தெரிந்த ஆள் இல்லை. அவளோ அதே மாதிரி மெஷினோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதை இயக்குவதற்கு ஒரே ஒரு பணியிடம் அறிவித்திருந்தார்கள். கடைசித் தேதிக்கு நாற்பது நாள் இருந்தது. வெளிநாட்டுப் பட்டம் உள்ளூர்ப் பட்டத்துக்குச் சமம் என்று அறிஞர் நலப் பிரிவு ஒரு சான்று தரவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

பிரிவு அலுவலர் தங்கமான மனுஷன். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அவர் தலைக்கு மேலே மரபணுவின் முறுக்கு ஏணிப் படம் ஒன்று தொங்கியது. முறுக்கு தப்பான பக்கம் திரும்பியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். இப்படி அவள் பேசாமல் இருந்தது அன்றைக்கு அதோடு சரி.

"உங்களை மாதிரி ஆளுங்க வரணும்னுதாம்மா நாங்க இங்க உக்காந்திருக்கோம்" என்று படிவத்தை எடுத்தார். "சொல்லுங்க. செடியா, மிருகமா?"

"புரியலைங்க."

"நீங்க படிச்சது. உயிரியல்னா எங்ககிட்ட ரெண்டு கட்டம். ஒண்ணு தாவரம், இன்னொண்ணு விலங்கு. எதுல டிக் அடிக்கட்டும்?"

"இது எல்லா உயிருக்கும் பொதுங்க. செடிக்குள்ள, மிருகத்துக்குள்ள, உங்களுக்குள்ள நடக்கறதுதான்."

"எனக்குள்ள நடக்கறதுக்கெல்லாம் கட்டம் கிடையாதும்மா" என்றார் அவர் வருத்தமாக. "பொதுவா வேண்டாம். குறிப்பா எதை வச்சு ஆராய்ச்சி பண்ணீங்க?"

இங்கே அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். எலி என்று சொல்லியிருக்கலாம், புல் பூண்டு என்று சொல்லியிருக்கலாம். படித்த படிப்பு அவளைப் பொய் சொல்ல வராத அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தது. "ஈஸ்ட்" என்றாள்.

"அது செடியா?"

"இல்லைங்க, பூஞ்சை வகை."

"அப்ப மிருகம் இல்லை."

"இல்லைங்க."

அலுவலர் முகம் தெளிந்துவிட்டது. "ரொட்டி உப்பறதுக்குப் போடுவாங்களே, அந்த ஈஸ்ட்டா?"

"அதேதாங்க. ஆனா நான்..."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அது உணவுத் துறைம்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் கடிதம் தயாராகிவிட்டது. 'மேற்படி அறிஞர், ரொட்டி தயாரிப்பில் பயன்படும் பொருள் தொடர்பான பணியில் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஈடுபட்டு வந்ததாகத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டுள்ளபடியால், அன்னார் பேக்கரி நடத்துபவர் அல்லர் என்ற சான்றினைத் தங்கள் துறையிடமிருந்து பெற்று அளிக்கும் பட்சத்தில், அன்னாரது பட்டம் குறித்து இப்பிரிவு உரிய முறையில் பரிசீலிக்கும்.' கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் மாதிரி அதைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

பதினோராவது நாள் உணவுத் துறை ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் டார்ச் வேறு.

"ஓவன் எங்க?"

"ஓவன் இல்லைங்க" என்றாள் அண்ணி.

"ஓவன் இல்லாம எட்டு வருஷம் எப்படி நடத்துனீங்க?"

அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார், துணி அலமாரியைத் திறந்து பார்த்தார், எதிர்வீட்டு மூட்டு வலிக்காரரிடம் சாட்சி கேட்டார். கடைசியில் எழுதினார்: 'பேக்கரி காணப்படவில்லை. மறைக்கப்பட்டிருக்கலாம்.'

"காணப்படலைன்னு எழுதினீங்கல்ல, அதையே சான்றா குடுத்திடுங்களேன்" என்றாள் டாக்டர்.

"அது எப்படிம்மா முடியும்? பேக்கரி இல்லைன்னு சான்று குடுக்கணும்னா படிவம் பதினேழு. பேக்கரி வச்சிருந்து மூடுனவங்களுக்குத்தான் அது. வைக்காதவங்களுக்கு இல்லைன்னு நாங்க எழுத ஆரம்பிச்சா, இந்த ஊர்ல பேக்கரி வைக்காதவன் அத்தனை பேரும் வந்து வரிசையில நிப்பான்."

இதில் தப்புக் கண்டுபிடிக்க டாக்டர் இரண்டு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"உரிமம் வாங்குங்க, ஒரு வாரம் நடத்துங்க, திருப்பிக் குடுத்துடுங்க. மறுநாளே படிவம் பதினேழு உங்க கைல. இதுல என்ன பிரச்சினை?"

அண்ணன் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னைப் படிக்க வச்சதுக்கு நான் கடையிலயே ஒரு ஓவனை ரிப்பேர் பண்ணக் கத்துக் குடுத்திருக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து மூன்று வருஷமாக வாங்கிப் போகாத ஓவனை அவரே தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

எட்டு வருஷமாகச் சோதனைக் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றியே பழகியவள் டாக்டர். மாவை மில்லிகிராமில் நிறுத்தாள். சூட்டை நாலு இடத்தில் அளந்தாள். ஒரே மாவை ஆறு பாத்திரத்தில் ஆறு விதமாக வைத்து, எது எவ்வளவு உப்புகிறது என்று வரைபடம் போட்டாள். ஈஸ்ட்டின் மனசு அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவள் அண்ணனின் மனசு அண்ணிக்குத் தெரியாது. முதல் தடவை வெளியே வந்த பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்ட ஆய்வாளர், மேற்கொண்டு ஆய்வு செய்வதற்காக இன்னும் மூன்று பன்னை வீட்டுக்கு எடுத்துப்போனார். உரிமம் நாலே நாளில் வந்துவிட்டது. மூலக்கூறு உயிரியலுக்கு ஒரு கட்டம்கூட இல்லாத அரசாங்கத்திடம் பேக்கரிக்குப் பதினெட்டு கட்டம் இருந்தது. பதினெட்டிலும் அவள் பொருந்தினாள்.

ஒரு வாரம் நடத்தி மூடிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? மரபணு என்கிற வார்த்தை அப்போதுதான் ஊருக்குள் நாகரிகமாக ஆகியிருந்தது. மரபணு ஷாம்பு வந்துவிட்டது, மரபணு யோசனைப்படி குழந்தைக்குப் பேர் வைக்கிற கடை வந்துவிட்டது. இதில் வெளிநாட்டில் மரபணு படித்த டாக்டர் கையால் பன் என்றால் கேட்க வேண்டுமா? காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் கூட்டம்.

"இது எங்க மரபணுவுக்கு ஏத்ததாம்மா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. மாவு, உப்பு, தண்ணி, ஈஸ்ட். அவ்வளவுதான்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கும்" என்று கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டஜன் வாங்கிப்போனார்கள். எதிர்வீட்டுக்காரர் இடது மூட்டு வலி போய்விட்டதாகச் சொல்லி, வலது மூட்டுக்கு எந்த பன் என்று கேட்டார்.

முப்பத்துமூன்றாவது நாள் டாக்டர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஆய்வாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா ஓடற பேக்கரியை மூடறதா? நட்டம்னா மூடலாம், தீப்பிடிச்சா மூடலாம். இது தாயகம் திரும்பிய அறிஞர் தொழில் வேற. உங்க பிரிவு சம்மதிக்காம நான் தொடவே முடியாது."

மூன்றாவது மாடிக்கு ஓடினாள். பிரிவு அலுவலர் அவளைப் பார்த்ததும் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து கை குலுக்கினார். மேஜைமேல் 'மூலக்கூறு உயிரியல் பட்டதாரிகளின் பணிப்பாதை: ஆண்டு ஆய்வறிக்கை' என்று பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையில் அவள் பன் தட்டோடு நின்றாள்.

"எங்க பிரிவோட முதல் வெற்றி நீங்கதாம்மா. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் மீனை வச்சு ஆராய்ச்சி. வலை உரிமம் வாங்கிக் குடுத்தோம், கடலைப் பாத்ததும் திரும்ப ஃப்ளைட் ஏறிட்டாரு. இன்னொருத்தர் ஈயை வச்சு ஆராய்ச்சி. வேணும்னே ஈ வளர்த்தேன்னு ஒத்துக்கிட்டாரு. சுகாதாரத் துறை இன்னும் விசாரிக்குது."

"சார், எனக்குப் பேக்கரி வேண்டாம். எனக்கு அந்த மெஷின் வேணும். இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன், ஒரு கையெழுத்து." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் வெட்கப்படவில்லை.

அலுவலருக்கும் கண் கலங்கியது. நல்ல மனுஷன் என்று முன்னமே சொன்னோமே. "எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? துறை சார்ந்த பணியில் நூறு சதவீதம்னு அறிக்கை போயாச்சு. இருக்கறதே நீங்க ஒருத்தர். நீங்க விலகிட்டா நூறு அப்படியே பூஜ்யமாயிடும். நாட்டுக்கு எவ்வளவு பெரிய சரிவு, யோசிச்சுப் பாருங்க."

ஏழு நாளும் போயிற்று. விண்ணப்பித்தவர்களில் தகுதியுடையவர் எவரும் இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. மெஷினுக்கு ஐந்தாவது வருஷம் பிறந்தது. ஒரு வாரம் டாக்டர் அந்த அரை அறையை விட்டு வெளியே வரவில்லை. எட்டாவது நாள் வந்தாள், முகத்தைக் கழுவினாள், மாவு பிசைந்தாள். வேறு என்ன செய்வாள்? அண்ணன் கடைக்குப் பக்கத்துக் கடையை எடுத்து பலகை மாட்டினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அடுப்படியில் நம்பி விட ஆள் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பாக இருந்தது. வருகிறவன் எல்லாம் அளக்காமல் கண் திட்டத்தில் உப்பு போட்டான்.

இரண்டு வருஷம் கழித்து மேலிடம் விழித்துக்கொண்டது. விளம்பரம் கொடுத்தும் ஒரு மூலக்கூறு உயிரியலாளர்கூடக் கிடைக்கவில்லை என்றால் நாட்டில் எவ்வளவு பெரிய பற்றாக்குறை! உடனே முப்பது மாணவர்களை அரசுச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டார்கள். தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் டாக்டர். தேநீர் இடைவேளைக்கு முந்நூறு பன்னும் அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

அன்று மேடையில் அவள் எதையும் மறைக்கவில்லை. கட்டம், டார்ச், படிவம் பதினேழு, ஏழு நாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "தயவுசெஞ்சு பிள்ளைங்களை அனுப்பாதீங்க" என்று முடித்தாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

"என்ன ஒரு அடக்கம் பாத்தீங்களா" என்றார் முன்வரிசையில் ஒரு அப்பா.

"அடக்கமாவது! போட்டிக்கு இன்னொரு பேக்கரி வந்துடுமோன்னு பயம்" என்றாள் பக்கத்தில் ஒரு அம்மா. இரண்டு பேருமே விண்ணப்பம் வாங்க விரைந்தார்கள்.

டாக்டர் மேடையை விட்டு இறங்கினாள். விண்ணப்ப வரிசையின் நடுவில் அண்ணன் நின்றிருந்தார், மகளோடு. நிரப்பிய படிவத்தை நீட்டினார். அதில் 'தாயகம் திரும்பி வெற்றி பெற்ற ஒருவரின் பரிந்துரைக் கையெழுத்து' என்று ஒரு இடம் காலியாக இருந்தது.

"அண்ணா, நீயுமா? கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்தியே."

"பாத்ததனாலதாம்மா சொல்றேன். நீ வந்து இறங்கினப்ப உனக்குன்னு இங்க ஒண்ணுமே இல்ல. இவ திரும்பி வரும்போது பேக்கரி ரெடியா இருக்குமே."

பெண் குனிந்த தலையோடு நின்றாள். "எனக்கு நிஜமாவே ஆராய்ச்சி பண்ணணும் அத்தை" என்றாள்.

டாக்டர் கையை நீட்டினாள். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் வாங்கினாள்.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"எட்டு, அத்தை."

எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வரப்போவது, கையால் மில்லிகிராமில் நிறுத்துப் பழகிய பெண். குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றுகிற பெண். அதுவும் சொந்தக்காரப் பெண். இரண்டாவது கிளை திறப்பதற்கும் அப்போது சரியாக இருக்கும். டாக்டர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.