இணைப்பு உண்டு, சிபாரிசு இல்லை

நோஃபாலோ பேர்வழிகள் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. இணையதளம் வைத்திருப்பார்கள், அதில் உங்கள் தளத்துக்குத் தாராளமாக இணைப்பும் கொடுப்பார்கள், கொடுத்த கையோடு, பக்கத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத நிரலில் 'நோஃபாலோ' என்ற ஒரு சொல்லைச் சொருகிவிடுவார்கள். 'இது என் சிபாரிசு இல்லை, இதை வைத்து இவரை மேலே தூக்கிவிடாதே' என்று அது தேடுபொறியின் காதில் ஓதும். படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எப்படி வசதி?

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு அலங்காரம் பற்றித் தளம் நடத்துகிறார். டயர் கடைக்கு மேலே அறை, கிறீச்சிடும் சுழல் நாற்காலி. யாருக்கு இணைப்புக் கொடுத்தாலும் தன் தளத்தின் மதிப்பு ஒழுகிப் போய்விடும் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

அவர் தங்கை, பார்த்த வேலையை விட்டுவிட்டுத் திரைச்சீலை தைக்கும் கடை திறந்தாள்.

"அண்ணா, உன் தளத்துல என் கடையைப் பத்தி ஒரு வரி போடேன்."

"ஒரு வரி என்னம்மா, ஒரு பக்கமே போடறேன்!"

போட்டார். புகழ்ந்து தள்ளினார். இணைப்பில் மட்டும் நோஃபாலோ.

மாதங்கள் போயின. தேடினால் கடை கண்ணில் படவே இல்லை. தையல் இயந்திரம் சும்மா கிடந்தது. கடைக்குத் தளம் அமைத்துக் கொடுத்த பெண்தான் ஒருநாள் அண்ணனின் நிரலைத் திறந்து காட்டினாள். தங்கை விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

"என்ன அண்ணா இது?"

"அது சும்மா ஒரு வழக்கம்மா. இப்பவே மாத்திடறேன்."

மாற்றினார், 'ஸ்பான்சர்ட்' என்று. காசு வாங்கிக்கொண்டு போட்ட விளம்பரம் என்று அர்த்தம்.

"நான் எப்ப உனக்குக் காசு கொடுத்தேன்?"

அதையும் மாற்றினார், 'யூஜிசி' என்று. வாசகர் யாரோ எழுதிவிட்டுப் போனது என்று அர்த்தம்.

"அப்ப நான் உனக்கு யாரோவா?"

தங்கை விறுவிறுவென்று மாடி இறங்கிப் போய்விட்டாள்.

அவளிடம் மேடைத் திரை தைத்துக்கொண்ட நாடக அரங்க மேலாளர், தையல் பிடித்துப்போய், தன் தளத்தில் மனதாரப் பாராட்டி எழுதினார்; நோஃபாலோ போல எந்த வாலும் ஒட்டாத வெறும் இணைப்பு. ஒரு விடுதிக்காரரும் எழுதினார். கடை மெல்ல மெல்ல முதல் பக்கத்துக்கு ஏறி வந்தது. அண்ணனோ பயத்தில் தன் சொந்தப் பக்கங்களை இணைக்கும் இடங்களில்கூட நோஃபாலோ போட்டுவைத்திருந்தார். அந்தப் பக்கங்கள் தேடுவாரற்றுப் போயின. வெட்கத்தை விட்டுத் தங்கையை ஃபோனில் கூப்பிட்டார்.

"உன் தளத்துல எனக்கு ஒரு லிங்க் போடறியாம்மா?"

"அப்பவே போட்டாச்சு அண்ணா."

ஃபோனை வைத்ததும் அவர் செய்த முதல் வேலை, அவள் நிரலைத் திறந்து துருவியது. வால் இல்லை. மறுபடியும் துருவினார். இல்லவே இல்லை. அன்று சாயங்காலம், தன் தளத்தில் தங்கைக்குக் கொடுத்திருந்த இணைப்பில் ஒட்டியிருந்த அந்த 'யூஜிசி'யை, சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அழித்தார்.

எனக்குத் தளமே கிடையாதே என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் யாரோ நல்ல வக்கீல் வேண்டும் என்று கேட்டபோது, மச்சான் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று குரலைத் தாழ்த்தியது யாராம்?