உங்கள் அக்கா பார்த்தது பலூன்தான்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அங்கு எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் அக்கா அங்கேதானே இருக்கிறாள். அவள் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பாள். என் தரப்பையும் கேட்டுவிட்டு அவளை உடனே அனுப்பிவையுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். கண் ஆளை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். போன மாதம் மாடி வீட்டு வக்கீலம்மா, சாயங்காலமானால் மேற்கே ஒரு வெளிச்சம் தன் வீட்டையே உற்றுப் பார்க்கிறது என்றார். “அது வெள்ளிக் கிரகம்மா, அதுக்கு வேற வேலை இருக்கு” என்றேன். அன்றிலிருந்து படியில் என்னைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். அடுத்து, சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டிக்கொண்டு ஒன்று கட்டடத்துக்கு மேலே வந்து நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் எல்லோரையும் மொட்டை மாடிக்கு வரவழைத்து, “நாம நல்லவங்கன்னு வேற்றுக்கிரகத்துக்காரங்களுக்குத் தெரியணும், சிரிச்சுக்கிட்டே கையாட்டுங்க” என்றார். மனை விற்கிறவர்கள் படமெடுக்க விட்ட ட்ரோன் அது என்று தொண்டை கிழியச் சொன்னேன், யார் கேட்டார்கள்? இப்போது மனை விளம்பரத்தில் மொத்தக் கட்டடமும் பல்லைக் காட்டிக் கையாட்டுகிறது. நான் மட்டும் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறேன். மனை விற்காததற்கு என் மூஞ்சிதான் காரணம் என்று பேச்சு.

இதற்குப் பிறகுதான் உங்கள் அக்கா துணி காயப்போடப் போனவள், வெள்ளி நிறத்தில் உருண்டையாக ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் எழும்பியதாகச் சொன்னாள். கூடம் நிறைய ஜனம். வக்கீலம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறார். நான் நல்ல எண்ணத்தில்தான், மைத்துனரே, கடையில் கண் பரிசோதிக்க வைத்திருந்த பழைய எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டி, “கடைசி வரி படி, பார்க்கலாம்” என்றேன். படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அப்புறம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சரி, ஆதாரத்தோடு வருவோம் என்று தேடினால், கட்டடத்துக்குப் பின்னால் மரத்து உச்சியில் சிக்கிக் கிடக்கிறது, செருப்புக்கடைத் திறப்பு விழா பலூன். பெயின்டர் விட்டுப்போன ஏணியைச் சாத்தி ஏறினேன். பலூன் கைக்கு வந்தது, ஏணி காலைவிட்டுப் போனது. கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறேன். வக்கீலம்மா ஜன்னலைத் திறந்து, “மரத்துல என்னமோ வெள்ளையா அசையுதே” என்கிறார். கீழே இருந்து செயலாளர், “காயப்போட்ட சட்டைம்மா, காத்துல பறந்து வந்திருக்கும்” என்கிறார். நான் கத்தினேன். “காக்கா” என்று அதற்கும் விளக்கம் சொன்னார். பிளம்பர் வந்து இறக்கும்வரை நான் சட்டையும் காக்காயுமாகத்தான் இருந்தேன்.

பலூனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். உங்கள் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பலூனாவே இருக்கட்டுங்க. நான் பார்த்தேன்னு சொன்ன எதையாவது, இத்தனை வருஷத்துல, அப்படியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?” என்றாள். பலூனில் அச்சடித்திருந்த கடைப் பெயரை நான் திருப்பிக் காட்டுவதற்குள் பெட்டியோடு படியிறங்கிவிட்டாள்.

நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அக்காவிடம் காட்ட வேண்டாம். நேற்று சாயங்காலம் அத்தானும் அதைப் பார்த்தாராம், உருண்டையாம், வெள்ளியாம், நீ சொன்னதைவிடக் கொஞ்சம் பெரிசாம் என்று மட்டும் சொல்லுங்கள். அனுப்பிவைக்கவும் வேண்டாம், காலை பஸ்ஸில் நானே வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால் கிழித்துப் போடுங்கள். பின்னால் வந்தால், தபால்காரரை எப்படியாவது வாசலிலேயே மடக்கிவிடுங்கள்.