சொட்டு சாரும் பதினாலு ரெயின்கோட்டும்

சென்னையில் ரெயின்கோட் போட்டவனும் நனைவான், போடாதவனும் நனைவான். இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று சொட்டுக் கணக்கில் சொல்லத் தெரிந்த மனிதர், தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் தேடினாலும் ஒருவர்தான். அவரை நாங்கள் சொட்டு சார் என்போம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

நாங்கள் வேலை பார்த்தது மேற்குத் தாம்பரத்தில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் ஆபீஸில். ஐப்பசி பிறந்தால் ஊரில் பாதி மோட்டார் மூழ்கிச் சாகும், மீதி மோட்டார் மூழ்கிய வீட்டுத் தண்ணீரை இறைத்துச் சாகும். பதினாலு பேர், பதினாலு பைக். மேடவாக்கத்தில் ஏதாவது அபார்ட்மென்ட்டிலிருந்து போன் வந்தால், மழையோ இடியோ, கிளம்பியாக வேண்டும். யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துக் கொடுப்பவர் சொட்டு சார். ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. எனக்கு மழை பிடிக்காது. பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள்.

நனைந்து திரும்பும் ஒவ்வொருவரையும் அவர் வாசலிலேயே மறிப்பார்.

"எத்தனை சொட்டு உள்ள வந்துச்சு?"

"சொட்டா? ஜட்டி வரைக்கும் ஊறிப் போச்சு சார்."

"அது தெரியுது. கழுத்து வழியாவா, ஜிப் வழியாவா, மடியில தேங்கி எறங்கிச்சா? அதைச் சொல்லுங்க."

சொன்னால்தான் உள்ளே விடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாங்களும் சிரித்தோம். ஆனால் காரணம் எங்களுக்குத் தெரியும். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். எங்களுக்கும் அவர் டீச்சர்தான். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள், இரும்புலியூரிலிருந்து மேடவாக்கத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மெஷின். தாமதமானால் தாமதமான அளவுக்கு நேரம் குறையும், ஏனென்றால் அடுத்த ஆள் காத்திருப்பார். காரில் ஏறி ஏசி வாசம் பட்டால் டீச்சருக்கு வாந்தி. ஆட்டோ, மழை வந்தால் வராது. ஆகவே சொட்டு சாரின் பைக், பின் சீட்டில் டீச்சர்.

ஊசி போடுகிற இடது கைதான் டீச்சரின் உயிர். அந்தக் கையை எதுவும் இறுக்கக் கூடாது, ஈரமும் படக் கூடாது. இதில் கொடுமை, டீச்சர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. "ஊரே தண்ணில மெதக்குது, எனக்கு மட்டும் அளந்து குடுக்கறாரு," என்று சொல்லிச் சிரிப்பார். தாகத்துக்குப் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டே பின்னால் உட்கார்ந்து போவார்.

ஒருமுறை கேம்ப் ரோட்டுக் கடைக்கு சொட்டு சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோட்டு, பேன்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க."

கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட்டார். சொட்டு சார் இரண்டு கையையும் நீட்டி இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் இருந்தார். நடுநடுவே இடது காலால் கியர் மட்டும் மாற்றினார்.

"இன்னா சார், கோட்டு வாங்க வந்தியா, ஆவி புடிக்க வந்தியா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்ண்ணா."

"எனக்கு வேர்த்துக்கினு கீது சார்."

"வெளிய நிக்கற உங்களுக்கே வேர்க்குது. உள்ள இருக்கறவனை நெனச்சுப் பாருங்க."

நேரம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டார். பேன்ட்டின் நடுத் தையல் வழியாகத் தண்ணீர் ஸ்டூலுக்கு வந்து, ஸ்டூலிலிருந்து பில் புத்தகத்துக்கு வந்தது. கடைக்காரர் புத்தகத்தை உதறிக்கொண்டே, "ஒலகத்துல கீற எல்லா கோட்டும் ஒழுவும் சார். கம்மியா ஒழுவறது வேணும்னா சொல்லு, தரேன்," என்றார். "அதைத்தான் தேடிட்டிருக்கேன்," என்றார் சொட்டு சார். அவர் அதை வருத்தமாகச் சொன்னதால் கடைக்காரர் மேற்கொண்டு திட்டவில்லை. டீ வாங்கித் தந்தார்.

கடையோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆபீஸ் பின்புறம் மோட்டார்களைச் சோதிக்க ஒரு தொட்டி உண்டு. சட்டைக்கு மேல் பேப்பரைச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் கோட்டு மாட்டி, யாரோ கஸ்டமருடைய ஒரு குதிரைசக்தி மோட்டாரைப் போட்டு, பத்து நிமிஷம் நெஞ்சில் பீய்ச்ச விட்டுக்கொள்வார். பிறகு கோட்டைக் கழற்றிப் பேப்பரைப் படிப்பார். "ராசிபலன் காஞ்சிருக்கு. தலையங்கம் நனைஞ்சிருக்கு. காலர் சரியில்லை." ஒரு நாள் மேனேஜர் வந்து பார்த்துவிட்டார். "மோட்டார் நல்லா ஓடுதுல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவருக்கும் டீச்சர் விஷயம் தெரியும்.

மெக்கானிக் லோகு, வேர்வையை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத கோட்டு என்று ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்தான். சொட்டு சார் துணியைத் தடவிப் பார்த்தார். "குளிரான ஊர்ல வேலை செய்யும் லோகு. இங்க வெளிய இருக்கற காத்தே வேர்த்துப் போய் நிக்குது. உள்ள இருக்கற வேர்வை எங்க போகும்?" லோகு ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு பைக்குக்கு உறையாக மாட்டிவிட்டான்.

கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். தொளதொளவென்று இரண்டு அளவு பெரிது, உள்ளே வலைத்துணி, அக்குளில் காற்றுத் துளை, ஜிப்புக்கு மேல் மடிப்பு, உட்காரும் இடத்தில் தையலே இல்லை. மேனேஜர் பதினாலு பேருக்கும் சேர்த்து அதையே வாங்கினார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. சொட்டு சார் தன் கைக்காசில் டீச்சருக்கும் ஒன்று வாங்கினார்.

கூடவே சட்டங்களும் வந்தன. ஈரக் கோட்டை மடிக்கக் கூடாது, மாடிப்படிக்குக் கீழே வரிசையாக ஹேங்கரில் தொங்க விட வேண்டும். கோட்டில் பெயர் எழுதக் கூடாது, பேனா மை பூச்சைத் தின்னும். ஊசியால் எதையும் குத்தக் கூடாது. ஸ்டிக்கர் கூடவே கூடாது. நான் என் கோட்டின் உள்பக்கம் ஒரு சின்ன எழுத்துப் போடப் போனேன், கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். ஒரே மாதிரி பதினாலு கோட்டு தொங்கினால் எதை யார் எடுப்பது என்று அத்தனை யோசித்த மனிதருக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் சொட்டு சார், டீச்சருடைய கோட்டை டெய்லரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். கோட்டின் இடது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்து, மேலே அகலமாக ஒரு துணி மடிப்பு வைத்து வெல்க்ரோ போட்டிருந்தார்கள். கை இறுகாது. டீச்சர் பின்னால் உட்கார்ந்து கையை அவர் முதுகோடு சேர்த்து வைத்தால் நனையவும் நனையாது. அதை அவர் எங்கள் கோட்டுகளோடு தொங்கவிட்டார். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் சாப்பாடு ஆறிவிடும் என்ற அவசரத்தில் முதலில் இறங்கியவன் நான். கைக்கு வந்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுரங்கப்பாதைத் தண்ணீரை வண்டி தாண்டி, சேலையூர் வருவதற்குள் என் இடது கை குழாயைத் திறந்து விட்டதுபோல நனைந்துவிட்டது. பதினாலு கோட்டில் கிழிசல் கோட்டு என் தலையில்தானா என்று சொட்டு சாரைத் திட்டிக்கொண்டே கேம்ப் ரோடு சிக்னலில் நின்றேன். கைக்குட்டை எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டால் பிளாஸ்டிக் கவரில் ஏழெட்டுப் பெப்பர்மின்ட்.

அது டீச்சர் கோட்டு. சொட்டு சாருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் அப்போது பைக்கில் இருந்திருப்பார். இரும்புலியூருக்குத் திரும்பலாம் என்றால் வழியில் தவறிவிடலாம். மேடவாக்கம் போக எப்படியும் இந்தச் சிக்னலைத் தாண்டியாக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கோட்டைக் கழற்றி, உள்பக்கம் நனையாமல் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு. போகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன்.

இரண்டு பத்துக்கு வந்தார்கள். சொட்டு சார் வெறும் சட்டையில் இருந்தார். சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே பனியன் தெரிந்தது. பின்னால் டீச்சர் என் கோட்டைப் போட்டிருந்தார். இடது கை தோளோடு கத்திரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. வெளியே வந்த கையைச் சுற்றி, தளர்வாக, சொட்டு சாருடைய கோட்டு.

ஹேங்கரில் மிஞ்சியிருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்த பிறகுதான் கோட்டு மாறியதைப் பார்த்திருக்கிறார். பேனா படக் கூடாது, ஊசி படக் கூடாது என்ற மனிதர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்று டீச்சர்தான் சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் டீச்சருக்குக் கோட்டை மாற்றினோம். வெல்க்ரோவைச் சொட்டு சார் ஒட்டினார்.

"சார், தப்பு என்னோடது," என்றேன்.

"உங்க கோட்டை வெட்டிட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"நீங்க கோட்டைப் போட்டுக்கோங்க சார். நனையறீங்க."

"நான் நனைஞ்சா என்ன சார்," என்றார். டீச்சர் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை என் கையில் வைத்தார். "லேட்டா வந்த பையனுக்கு," என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது.

திங்கட்கிழமை சொட்டு சார் என் மேஜைக்கு வந்தார். "மெஷின்ல நாலு மணி நேரத்துக்கு மூணு மணி நேரம்தான் குடுத்தாங்க. ஒரு மணி நேரம் போச்சு," என்றார். கோபமில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

டீச்சர் அடுத்த சித்திரையில் இறந்துபோனார், தாம்பரத்தில் ஒரு சொட்டு மழை இல்லாத வெயிலில். அந்த ஒரு மணி நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது காதில் ஏறுவதில்லை.

அந்த வருஷ மழையில் சொட்டு சார் வாசலில் யாரையும் மறிக்கவில்லை. கோட்டு ஹேங்கரில் தொங்கும், அவர் நனைந்துகொண்டே வருவார், நனைந்துகொண்டே போவார். லோகு ஒரு நாள் தானாகவே போய் அவர் முன்னால் நின்று, "சார், கழுத்து வழியா உள்ள வந்துச்சு. நாலு சொட்டு," என்றான். அவர் தலையாட்டினார். பொங்கல் கழிந்து வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே இருந்தவரைக்கும் சொல்லவில்லை. இப்போது முதல் மழை விழுந்த அன்று அவரிடமிருந்து போன் வரும்.

"அந்தப் பக்கம் மழையாமே. எத்தனை சொட்டு சார்?"

"மத்ததெல்லாம் காஞ்சுதான் இருக்கு. இடது கை மட்டும் நனையுது சார்."

"இன்னுமா நான் வெட்டுன கோட்டையே போடறீங்க? புதுசு வாங்கிக்கோங்க. இல்ல ஒரு கையாவது தெச்சுப் போடுங்க."

"பாக்கலாம் சார்," என்பேன். டெய்லர் கடை என் தெரு முனையில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், இடது கை நனைந்தபடி.