பொட்டலத்தார் பிடித்த ஒரே மீன்

காவிரி மீன்களுக்குப் பொட்டலத்தாரைப்போல மரியாதை செய்த மனிதர் மேட்டூரிலிருந்து கடல் வரைக்கும் வேறு ஒருவர் இருந்திருக்க முடியாது. மீன்களும் பதிலுக்கு அவருக்கு ஒரு மரியாதை செய்தன. ஒன்றுகூட அவர் தூண்டில் பக்கம் வந்து அவரைத் தொந்தரவு செய்ததில்லை.

குமாரபாளையத்தில் ஒரு நூல் கடையில் நான் பில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. அதே கடையில், தறிக்காரர்களுக்கு நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நெய்த துணியை வாங்கி வரும் வேலை பொட்டலத்தாருக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்குத் தெரியும்? சட்டையின் வெளிப்பைகள், உள்பைகள், வேட்டி மடி என்று எங்கே தொட்டாலும் பொட்டலம்தான். ஒன்றில் மண்புழு, ஒன்றில் வெட்டுக்கிளி, ஒன்றில் கோழிக்குடல், ஒன்றில் ராகிக்களி உருண்டை. எல்லாம் தூண்டிலுக்கு இரை.

ஒருநாள் முதலாளி, "மூக்குப்பொடி இருக்குதாப்பா?" என்று கை நீட்டினார். கணக்குப் பார்க்கிற மும்முரத்தில் பொட்டலத்தார் ஏதோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது செவ்வெறும்பு முட்டை. முட்டையோடு எறும்பும் கொஞ்சம் இருந்தது. முதலாளி அதை ஒரே இழுப்பாக மூக்கில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தில் நூல் சிப்பம் நாலைந்து சரிந்து தெருவுக்கே வந்துவிட்டது. இத்தோடு இவருக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நாங்கள் நினைத்தோம். இவரோ கீழே குனிந்து தேடியபடியே, "எல்லாமே போயிருச்சுங்களா, கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்களா?" என்று முதலாளியையே கேட்டார்.

இரையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் வைத்தியர் தோற்றுப்போவார். "அணை கட்டுனதுல இருந்து தண்ணி ஓட்டம் கொறஞ்சு போச்சுங்க. மீனுக்கெல்லாம் மந்தம். செரிமானமே இல்ல" என்பார். அதனால் களி உருண்டையில் பெருங்காயம் சேர்ப்பார். கெண்டைக்கு வெல்லம் தூக்கலாக, கெளுத்திக்கு நாற்றம் தூக்கலாக, வாளைக்கு உயிரோடு துள்ளும் தவளை. ஐப்பசி மழைக்குச் சுக்கு.

தூண்டில் கயிறும் லேசுப்பட்டதல்ல. பட்டு நெய்கிற இளம்பிள்ளை ஊரிலிருந்து கழிவுப் பட்டு நூல் வாங்கி வந்து, முறுக்கி, மெழுகு தடவி, சாயப்பட்டறையில் கெஞ்சி மூன்று நிறத்தில் நனைத்து வைத்திருந்தார். காலைத் தண்ணீருக்கு ஒன்று, உச்சி வெயிலுக்கு ஒன்று, கலங்கல் தண்ணீருக்கு ஒன்று. தக்கைக்கு நெட்டியா, மயில்தோகைத் தண்டா என்பதில் அவருக்கு வருஷக்கணக்காக ஒரு முடிவு ஏற்படவில்லை.

அணை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, ஒரு தகரப் பெட்டியைத் தம் சமையல்காரரிடம் விட்டுப்போனார். அது எப்படியோ நம்மவர் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே வரிசையாகத் தூண்டில் முள்கள். ஒவ்வொன்றிலும் பலவர்ண இறகு கட்டியிருந்தது. அவர்கள் நாட்டில் சால்மன் என்று ஒரு மீனாம். அதற்கு இதுதான் இரையாம். பொட்டலத்தார் ஒரு வாரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தின்னறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே! வெறும் அலங்காரத்தைப் பாத்து வாயைத் தொறக்குதுன்னா அந்த மீன் என்ன மீனுங்க?" என்று முகம் சுளித்தார். ஆனால் மறுநாளே அடுத்த வீட்டுச் சேவலுக்கு வாலைக் காணோம். சேவலின் சொந்தக்கார அம்மாள் கடை வாசலில் நின்று பேசிய பேச்சைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இவ்வளவும் செய்து என்ன பிடித்தார்? ஒன்றும் பிடிக்கவில்லை. தூண்டிலைத் தண்ணீரில் போட்டால்தானே மீன் சிக்கும்! ஞாயிறு விடிந்ததும் பாறையில் போய் உட்காருவார். கடை பரப்புவதுபோலப் பொட்டலங்களைப் பரப்புவார். ஒன்றை மாட்டுவார், காற்றைப் பார்ப்பார், கழற்றுவார், வேறொன்றை மாட்டுவார். தண்ணீரில் முள் நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தூண்டில்காரர்களுக்கே உரிய பொய்யாவது சொல்வாரா? அதுவும் கிடையாது. "ஒண்ணு மாட்டி, நழுவிப் போச்சு" என்றுகூட அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஒண்ணும் கெடைக்கலீங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் வந்தது சோதனை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அக்கா கடைக்கு வந்தார். இவர் தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்த நேரம். என்னையும், நூல் சிப்பம் சுமக்கும் சுப்புவையும் ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ஞாயித்துக்கெழமை எங்கண்ணன் ஆத்தூர்ல இருந்து வாராரு. நான் பொறந்த ஊட்டுக்குப் போறப்பெல்லாம் அண்ணிமாருங்க, 'உன்ற புருசன் என்னத்தைச் சம்பாரிச்சுட்டான்'னு கேப்பாளுக. நானும் ரோசத்துல, 'எங்க ஊட்டுல நெதமும் ஆத்து மீனுங்க, அவரு தூண்டில் போட்டா வெறுங்கையோட வந்ததே இல்ல'ன்னு சொல்லிப்போட்டேன். இத்தனை வருசமா சொல்லிட்டு வாரேன். இப்ப அண்ணன், 'மாப்ள மீன் புடிக்கறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும், அந்த மீனைத்தான் திங்கணும்'னு கடுதாசி போட்டிருக்காரு."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "இனி எந்த மூஞ்சியோட பொறந்த ஊட்டுப் படியேறுவேன், சொல்லுங்க சாமி" என்றார்.

பொட்டலத்தாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்து என்ன செய்தார்? புதிதாக ஏழெட்டு இரை தயார் செய்தார். இது ஆகாது என்று நானும் சுப்புவும் முடிவு கட்டினோம். சுப்பு தண்ணீருக்குள் மூழ்கினால் ஊர் தேடும்வரை வரமாட்டான். ஒரு மீனை வாங்கி, நாணலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவர் முள்ளில் மாட்டி இழுத்துவிடுவது. அவ்வளவுதான் திட்டம்.

ஒரே ஒரு குறை. நானும் சைவம், சுப்புவும் சைவம். மீனைத் தொட்டுப் பழக்கமில்லாத இரண்டு ஆத்மாக்கள்.

ஞாயிறு காலை சுப்பு பவானிப் பக்கம் போய் மீன் வாங்கி, வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்தான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு இலையை லேசாக விலக்கிப் பார்த்தேன். கண் இருந்தது, வால் இருந்தது. மீன்தான்.

"மீன் விக்கற அந்தம்மா நல்ல மாதிரிங்க. கேக்காமயே எல்லா வேலையும் பண்ணிக் குடுத்துச்சு" என்றான் சுப்பு. என்ன வேலை என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பாறையில் பொட்டலத்தார், ஒரு பக்கம் துண்டை விரித்து அவர் மைத்துனர், மறுபக்கம் நான். மைத்துனர் நல்ல வளமான ஆசாமி. காதில் கடுக்கன், குரலில் அதிகாரம். சுப்பு நாணலுக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். இங்கே பொட்டலத்தார் இரை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஏறுதுங்க. களி சரிப்படாது. கயித்தையும் மாத்தோணும்."

"என்னா மாப்ளே, மீனு கிழவனாயிடும்போல இருக்குதே!" என்றார் மைத்துனர்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையாவது போடுங்க!" என்று பொட்டலத்தார் காதோரம் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணை இறுக மூடினார். கைக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்து, மாட்டி, வீசினார். அவர் வாழ்க்கையில் இரையைப் பார்க்காமல் மாட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் தக்கை முழுகியது.

பொட்டலத்தார் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "ஐயையோ, தக்கையைக் காணோமுங்க! இப்பத்தானே இங்க கெடந்துச்சு!" என்று தண்ணீரில் தேட ஆரம்பித்தார். பாவம், தக்கை முழுகி அவர் பார்த்ததில்லையே!

"இழுங்க, இழுங்க!" என்று நான் கத்தினேன். இழுத்தார். பாறைமேல் வந்து விழுந்தது மீன்.

பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. உடம்பில் ஒரு செதில் இல்லை. வயிறு நீளமாகக் கிழிந்து, உள்ளே துப்புரவாக இருந்தது. மேலெல்லாம் மஞ்சள்தூள். தண்ணீரில் பாதி கரைந்தும் மீதி அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் புண்ணியவதி கேட்காமலே செய்து கொடுத்த வேலை இதுதான்! குழம்பில் போட வேண்டியதுதான் பாக்கி.

மைத்துனர் குனிந்து பார்த்தார். "என்னா மாப்ளே, இதுல செதிலே இல்லியே?"

நான் ஆற்றில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். பொட்டலத்தார் மீனைப் பார்த்தார், நாணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பாறை இடுக்குல ஒரசி ஒரசிக் கொட்டிப்போச்சுங்க மச்சான். வயசான மீனு."

"வயிறு கிழிஞ்சிருக்குதே?"

"அதே பாறைதானுங்க."

"உள்ளாற குடலையே காணோம்?"

"அதானுங்க! ஒண்ணுமே இல்லாத வயிறு. அத்தனை பசி. இல்லீன்னா நம்ம இரைக்கு இந்தப் பாய்ச்சல் பாயுமுங்களா?"

"சரி, இந்த மஞ்சள்?"

"மேல சாயப்பட்டறையில மஞ்ச நூலு அலசறாங்க. போன வாரம் வந்திருந்தீங்கன்னா செவப்பு மீனு கெடைச்சிருக்கும்."

ஒரு பொய்கூடச் சொல்லி அறியாத மனிதர், மூச்சு விடாமல் சொன்னார். மைத்துனர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "நம்ம ஊர்ப் பக்கம் சாயப்பட்டறை இல்லை, அதான் தெரியல" என்று தலையாட்டினார். மீனைத் தம் கையாலேயே தூக்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எங்க மாப்ளே புடிச்சாரு!" என்று காட்டியபடியே தெருவில் நடந்தார்.

வாசலில் அக்கா மீனை வாங்கினார். ஒரு புரட்டு புரட்டிப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த சுப்புவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற குரலில், "இதென்ன பெரிய மீனுங்கண்ணா! இதவிடப் பெருசெல்லாம் கொண்டாருவாரு" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று உள்ளே போனார்.

மைத்துனர் இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வண்டியேறும்போது, "எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட நான் சொல்றேம்மா" என்று தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி மறைந்ததும் நாங்கள் இருவரும் பொட்டலத்தார் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். "கோவமுங்களா?" என்று சுப்பு மெதுவாகக் கேட்டான்.

வீட்டுக்குள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பொட்டலத்தார் அந்தப் பாட்டுப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அண்ணன் முன்னால எப்புடி நிமுந்து நின்னா, பாத்தீங்களா சாமி? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவளை நான் அப்புடிப் பாத்ததே இல்ல. அதுக்காவ, செதிலு இல்லாத மீனு என்னங்க, தலையே இல்லாத மீனு வந்திருந்தாலும் நான்தான் புடிச்சேன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்குக் கையில் பேனா ஓடுவதில்லை.